மகமையும் நம் சங்கங்களும்

விருதுநகரிலோ சிவகாசியிலோ கமிஷன் மண்டியில் சரக்கு வாங்கியவர்கள், சிட்டையின் அடிப்பகுதியைச் சற்றே கவனித்தார்களாயின், சரக்கின் விலைக்கும் எடைக்கூலிக்கும் சாக்கு விலைக்கும் கீழே ‘மகமை’ என்று ஒரு சிறு தொகை எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். அநேகர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பெருந்தொகை கொடுக்குமிடத்தில் சில்லறையைப் பற்றி யார் விசாரிப்பர்? ஆயினும் நம் ஜில்லாவின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகும் ஒருவர் முதன்முதலில் ஆராய வேண்டுவது அந்தச் சில்லறையைத்தான் என்பது நம் கருத்து. பள்ளிக்கூடங்களும் கிணறுகளும் கல்லூரியும் அந்தச் சில்லறையிலிருந்து எழுந்தன. ஒரு வங்கியை நிறுவும் துணிவும் அதிலிருந்தே பிறந்தது.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாம் ஆய்வுக்குச் செல்லும் நெசவாளர் சங்கங்களிலும் விற்பனைச் சங்கங்களிலும் அண்மைக் காலமாக ஒரே வினா திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. “நம்மவர்கள் நம்மவர்களிடமே வாங்கினால் போதாதா? நம் பணம் நம்மிடமே தங்கிவிடாதா?” என்று பஞ்சாயத்தார் கேட்கின்றனர். கேள்வி நல்லதே. ஆனால், அதில் உண்மை பாதிதான் இருக்கிறது. பணம் நம்மவரிடம் வந்து சேர்வது ஒரு காரியம். வந்த பணம் தங்குவதற்கு ஓர் இடம் இருப்பது வேறொரு காரியம். இரண்டாவது காரியத்தைச் செய்து காட்டியவர்கள் நம் கண்முன்னே இருக்கின்றனர். அவர்கள் அதை எவ்விதம் செய்தனர் என்பதை விளக்குவதும், அதில் நம் சங்கங்கள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின், திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வடக்கே கரிசல் நிலம் நோக்கி வந்தனர். வழியில் கள்வர் பயம் மிகுதி. ஆகவே வண்டிகள் கூட்டமாகவே சென்றன. இராத் தங்குவதற்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகள் அமைக்கப்பட்டன. பேட்டையைக் காக்கவும் கிணற்றைத் தூர்வாரவும் காவற்காரனுக்குக் கூலி கொடுக்கவும் பணம் வேண்டுமல்லவா? உள்ளே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுப்பது வழக்கமாயிற்று. நாளடைவில் பேட்டைகளைச் சுற்றிக் கடைகளும் வீடுகளும் பெருகின. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் இவ்விதம் வளர்ந்த ஊர்களாகும். அக்காலத்தில் விருதுபட்டி என்றே வழங்கிய விருதுநகருக்கு 1876-ல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை வந்ததும், பருத்தியும் மிளகாயும் எண்ணெய் வித்தும் அவ்வூர்ச் சந்தையைத் தேடி வரத் தொடங்கின.

செல்வம் வந்தது, மரியாதை வரவில்லை. காசு கொடுத்துக் கடை வைக்கலாம், கோயிலுக்குள் நுழைய இயலாது என்பது அன்றைய நிலை. கமுதிக் கோயிலில் 1897-ல் நுழைந்ததன் மேல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 1899-ல் சிவகாசி தாக்கப்பட்டது; வீடுகள் எரிந்தன. கோர்ட்டில் தோற்றவர்கள் அடுத்த தலைமுறையில் அந்த ஜில்லாவின் வணிகத்தையே கைக்கொண்டது எவ்வாறு என்பதுதான் வினா.

விடையின் பெரும்பகுதி மகமையில் உள்ளது. ஊர்தோறும் ‘உறவின்முறை’ என்ற சபை இருந்தது. ஊரில் வியாபாரம் செய்யும் ஒவ்வொருவரும், தாம் வாங்கும் அல்லது விற்கும் சரக்கின் மேல் மூட்டைக்கு இவ்வளவு என்று சபைக்குச் செலுத்த வேண்டும். சபையின் காரியங்களை முறைவைத்துக் கவனித்தவர்களுக்கு முறைகாரர்கள் என்று பெயர். சேர்ந்த பணத்தைக் கொண்டு பொதுக் கிணறு வெட்டினர், கோயில் கட்டினர், திருவிழா நடத்தினர், பள்ளிக்கூடம் வைத்தனர். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை 1880களில் இவ்விதம் தோன்றியதே. நாடார்களின் நிதியால் எழுந்த பள்ளிகளில் மற்ற வகுப்பாரின் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. வியாபாரம் இல்லாத குடும்பங்கள் பங்கெடுக்க ‘பிடியரிசி’ முறை இருந்தது. அடுப்பில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேகரித்து விற்ற பணம் பள்ளிக்குச் செல்லும். 1903-ல் விருதுபட்டியில் பிறந்து, 1954 முதல் 1963 வரை நம் மாநிலத்தின் முதலமைச்சராயிருந்த காமராஜர் பயின்றது இவ்வித்தியாசாலையில்தான். அவர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு பரவியதற்கும் அந்தப் பிடியரிசிப் பானைக்கும் உறவு உண்டோ என்று நாம் நினைப்பதுண்டு. நிறுவ இயலாது, ஆனால் நினைக்காமலிருக்கவும் இயலவில்லை.

இம்முறையின் அமைப்பை அங்கத்தினர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மகமை லாபத்தின் மேல் விதிக்கப்பட்டதன்று. சரக்கின் மேல் விதிக்கப்பட்டது. லாபத்தில் பங்கு கேட்டால் லாபமே இல்லை என்று கணக்குக் காட்டுவதற்கு எவருக்குத் தெரியாது? மூட்டையை ஒளிக்க முடியாது. பேட்டையில் எடை போட்டவுடன் எண்ணிக்கை தெரிந்துவிடும். நஷ்டமான ஆண்டிலும் மூட்டைகள் வந்தன. ஆகையால் நஷ்டமான ஆண்டிலும் பொது நிதி வளர்ந்தது. இரண்டாவது, சிட்டையில் அது தனி வரியாக எழுதப்பட்டது. தனி வரியாக எழுதப்பட்ட பணத்தை வியாபாரி தன் பணமாக நினைப்பதில்லை. கல்லாவில் கலந்த பின் எடுத்துக் கொடு என்றால் மனம் கசக்கும். கலக்குமுன் ஒதுக்கினால் கசப்பில்லை. மூன்றாவது, பெரிய வியாபாரியும் சிறிய வியாபாரியும் ஒரே விகிதத்தில் கொடுத்தனர். நன்கொடைக்குப் பட்டியல் எழுதும்போது முதற்பெயர் யாருடையது என்ற போட்டி வரும், கொடாதவர் ஒதுங்குவர். மகமையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவ்வணிகர்கள் எந்தக் காலத்திலும் தம் இனத்தாருக்கு மட்டும் விற்று வாழ்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வாடிக்கைக்காரர்கள் ஊரார் அனைவரும். கிராமத்துக் குடியானவரிலிருந்து பருத்தி ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் வரை எல்லோரும். விற்பனை உலகத்தோடு, சேமிப்பு தமக்குள். ‘நம்மவரிடம் வாங்குக’ என்ற வேண்டுகோள் வாங்குகிறவரிடம் தியாகம் கேட்கிறது. மகமையோ விற்கிறவரிடம் கேட்கிறது. வாங்குகிறவருடைய தியாகம் விலை சிறிது ஏறினால் நின்றுவிடும். விற்கிறவர் செலுத்துவது அவர் கடை திறந்திருக்கும் வரை நிற்கும். நம் சங்கங்கள் ஆண்டுதோறும் கண்காட்சிகளில் “கைத்தறியை ஆதரியுங்கள்” என்று எழுதி மாட்டுகின்றன. மாட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பலகை நிதி ஆகாது.

பொது நிதி பழக்கமான சமூகத்துக்கு வங்கி என்பது புதிய எண்ணம் அன்று. 1910-ல் தஞ்சை ஜில்லாவில் உள்ள பொறையாறில் ரத்தினசாமி நாடாரின் முயற்சியால் மாநாடு கூடி நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. அவ்வங்கியே 1962-ல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறி, இன்றும் நடந்து வருகிறது. பெயரை மாற்றியது சிறிய காரியமன்று. ஒரு சமூகத்தின் பணப்பெட்டி எல்லோருக்கும் உரிய வங்கியாக விரிந்ததற்கு அது அடையாளம்.

சிவகாசியின் கதை இதனோடு இணைந்தது. மழை பொய்க்கும் ஊர் அது. ஆண்டில் பல மாதம் நிலத்தில் வேலை இராது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க கல்கத்தா சென்றனர். 1923-ல் திரும்பி வந்து சிவகாசியில் தொழில் தொடங்கினர். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியின் சார்பில் விம்கோ நம் நாட்டில் பெரிய இயந்திரங்களுடன் இறங்கியது. இயந்திரத்தோடு போட்டியிட்டவை கையால் செய்யும் சிறு சாலைகள். அவை பிழைத்ததற்கு, பின்னாளில் கைத்தொழிலுக்குச் சர்க்கார் அளித்த வரிச் சலுகையும், மலிவான கூலியும் காரணங்கள். ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுக்கும் பழக்கமும் காரணம். அதன்பின் நிகழ்ந்ததை நெசவாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். தீப்பெட்டிக்குப் படச்சீட்டு வேண்டும்; சீட்டை வெளியூரில் அச்சடித்தால் அந்தப் பணம் வெளியூர் போகும்; ஆகவே உள்ளூரில் அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அச்சாயின. தீப்பெட்டியின் மருந்து அறிந்த கைகள் பட்டாசுக்கும் சென்றன. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசுச் சாலைகள் பெருகின. ஒரு தொழிலின் செலவு மற்றொரு தொழிலின் வரவாயிற்று. இரண்டும் ஒரே ஊரில். பணம் ‘தங்குவது’ என்று நாம் மேலே சொன்னது இதைத்தான். நம் நெசவாளர் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூல் ஓரூரிலிருந்து வருகிறது, சாயம் இன்னோரூரில் ஏற்றப்படுகிறது, அட்டைப்பெட்டி வேறோரூரில். நெய்கிற கூலி மட்டுமே ஊரில் தங்குகிறது. அதிலும் ஒரு பகுதி முன்பண வட்டிக்குப் போகிறது.

இவ்வழி நம் சீமைக்கு மட்டும் உரியதன்று. ஒதுக்கப்பட்ட மக்கள் எங்கிருந்தாலும் இதே கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் அனுபவம் இதற்குச் சான்று; வெற்றியைவிட அவர்களுடைய தோல்விகள் நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. விடுதலையானவர்களின் சேமிப்புக்கென 1865-ல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை ஒரு வங்கியை அமைத்தது. தோட்டக் கூலிகளும் போர்வீரர்களும் காசு காசாகப் போட்டனர். நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. பணம் பிறருக்குக் கண்மூடித்தனமாகக் கடனாகச் சென்றது. கடைசி மாதங்களில் கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸைத் தலைமையில் அமர்த்தினர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1874-ல் வங்கி மூடப்பட்டபோது 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. பணம் நம்முடையது, சாவி பிறருடையது என்றால் முடிவு இதுவே.

அடுத்த தலைமுறை சாவியையும் தானே வைத்துக்கொண்டது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் மேகி லீனா வாக்கர் என்ற அம்மையார், தாம் தலைமை வகித்த செயின்ட் லூக் என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தின் சார்பில் 1903-ல் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அதன் பெயரிலேயே ‘பென்னி’ என்ற சொல் இருந்தது. நம் வழக்கில் காலணா வங்கி என்று சொல்லலாம். சலவை செய்யும் பெண்கள் கொண்டுவந்த சிறு தொகைகளை அது ஏற்றது. வீடு வாங்கக் கடன் கொடுத்தது. மறு ஆண்டு, 1904-ல், நம் நாட்டில் முதல் கூட்டுறவுச் சட்டம் நிறைவேறியது. காஞ்சிபுரத்திலும் திருவல்லிக்கேணியிலும் சங்கங்கள் தோன்றின. இரு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது. தேவை மட்டும் ஒன்றே.

அதே அம்மையார் 1905-ல் ஒரு பெரிய துணிக்கடையும் திறந்தார். கறுப்பினப் பெண்கள் அங்கே விற்பனை வேலை பார்த்தனர். கடையை மூடச் செய்ய வெள்ளை வியாபாரிகள் மொத்த வியாபாரிகளின் மேல் அழுத்தம் கொடுத்தனர். சரக்கு வருவது கடினமாயிற்று. 1911-ல் கடை மூடப்பட்டது. வங்கியோ நிலைத்தது. கடை வைத்தவருக்குக் கொள்முதல் கையில் இல்லாவிட்டால், ஆதரிக்கும் வாடிக்கைக்காரர் எத்தனை பேர் இருந்தாலும் பயனில்லை என்பதை இது காட்டுகிறது. நூல் கொள்முதலில் பிறர் கையை எதிர்பார்க்கும் சங்கத்தின் பஞ்சாயத்தார் இப்பகுதியை இருமுறை படித்தாலும் நன்றே. நாடார் வங்கி தோன்றிய அதே 1921-ல், ஓக்லஹாமா மாநிலத்து டல்சா நகரில் கறுப்பின வணிகர்கள் வளர்த்த கிரீன்வுட் என்னும் பகுதி இரண்டு நாட்களில் எரிக்கப்பட்டது. சிவகாசியின் 1899 நம் நினைவுக்கு வராமற்போகாது. பிறர் நிதி வருமெனக் காத்திராமல் கிரீன்வுட் மக்கள் பெரும்பாலும் தாமாகவே மீண்டும் கட்டினர்.

மகமையைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் இத்துடன் நின்றுவிடும். நாம் நிற்பதற்கில்லை. மகமை ஒரு சுவருக்குள் வளர்ந்த செடி. உறவின்முறை என்ற பெயரே சொல்லுகிறபடி, பிறப்பினால் உறவானவர்க்கே அதில் குரல் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் சேரலாம். நிதியின் நிர்வாகத்தில் மற்றவர் சேர இயலாது. சிவகாசியில் தொழில் பெருகியபோது, கட்டை அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் செய்த கைகள் பல சாதியாருடையவை, பெரும்பாலும் பெண்களுடையவை, நெடுங்காலம் குழந்தைகளுடையவையும்கூட. 1996-ல் உச்சநீதிமன்றம் தலையிட்டு, வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டுமென்று கட்டளையிட நேர்ந்தது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசுச் சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். மூட்டைக்கு மகமை எடுத்த ஊரில், வேலையாளின் உயிருக்கென்று ஒரு மகமை எடுக்கப்பட்டிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. முதலாளிகளின் சுயசார்பு வேறு, ஊரின் சுயசார்பு வேறு. முன்னது நிறைவேறிய இடத்தில் பின்னது தானாக வந்துவிடுவதில்லை.

பிறப்பால் உறுப்பினராகும் சபைக்கும் பங்குத்தொகையால் அங்கத்தினராகும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் கதவு தொழில் செய்யும் யாவருக்கும் திறந்தது. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றே. இதன் அருமை, இல்லாத இடத்தைப் பார்த்தால் விளங்கும். தூத்துக்குடி வங்கியின் பங்குகள் சந்தையில் கைமாறக் கூடியவை. 1990களில் அவற்றின் பெரும்பகுதி வெளியார் ஒரு தொழிற்குழுவின் கைக்குச் சென்றது. பங்குகளை மீட்பதற்குச் சமூகத்தார் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. எவ்வளவு பணக்காரராயினும் ஒருவர் வந்து நம் சங்கத்தை விலைக்கு வாங்கிவிட முடியாது. சட்டம் நமக்கு இவ்வளவு உறுதியான பெட்டியைக் கொடுத்திருக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

உண்மையைச் சொன்னால், பல சங்கங்களில் மிகச் சிறிதே இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சங்கம் ஒன்றில், நெய்த சேலைகளில் ஒரு பகுதி ஜவுளி முதலாளியிடம் செல்வதைப் பற்றி விசாரித்தபோது, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் மறைக்காமல் சொன்னார்: “சங்கம் நம்மளோடதுதான் சார். ஆனா பொண்ணுக்குக் கல்யாணம்னா ராத்திரியோட ராத்திரியா முன்பணம் குடுக்கிறவரு அவருதானே?” இதற்குப் பதில் சொல்வது எளிதன்று. மிளகாய் பயிரிடுவோர் நிலையும் இதுவே. விதைக்கும் போது மண்டியில் வாங்கிய முன்பணம், அறுவடையின்போது மிளகாயை வேறெங்கும் கொண்டுபோக விடாமல் கட்டிப்போடுகிறது. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் சரக்கை இருப்பு வைத்து அதன்மேல் ஈட்டுக்கடன் பெறலாம் என்று நாம் எவ்வளவு எடுத்துரைத்தாலும், முன்னரே கட்டுண்டவர் காதில் அது ஏறாது. அங்கத்தினருக்கு விசுவாசம் இல்லை என்று பஞ்சாயத்தார் குறைகூறுகின்றனர். அவசரத்துக்கு உதவ நிதியில்லாத ஸ்தாபனத்திடம் விசுவாசம் எத்தனை நாள் நிற்கும்?

சர்க்கார் ஆர்டர் இருக்கிறதே என்பர் சிலர். 1983 முதல் நடந்துவரும் இலவச வேட்டி சேலைத் திட்டமும், பள்ளிச் சீருடைத் துணியும் பல தறிகளை ஓடச் செய்கின்றன என்பதில் ஐயமில்லை. அவை ஓடுகிற மாதங்களில் சேமிக்காத சங்கம், ஆர்டர் தாமதமாகும் மாதத்தில் என்ன செய்யும்? நதியில் நீர் வரும்போதே கண்மாயை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது கரிசற்காட்டு உழவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதன்று.

மகமை போன்ற ஒன்று நம் துறையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அநேகர் மறந்துவிட்டனர். கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975 முதல் நடைமுறையில் உள்ளது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தம் செய்யப்பட்டு, அதனோடு அரசு 4 காசு சேர்க்க, அத்தொகை அந்நெசவாளர் பெயரில் வளர்கிறது. கூலி கைக்கு வருமுன் பிடிக்கப்படுவதால்தான் இது நிற்கிறது. மாதம் பிறந்தபின் வந்து கட்டுங்கள் என்று விட்டிருந்தால் பத்தில் ஒருவரும் கட்டியிரார். ஆனால் அது தனியொருவரின் சேமிப்பு. நாம் இங்கே சொல்ல வருவது, அத்துடன் கூட, சங்கத்தின் பொதுவில் நிற்கும் ஒரு நிதி. நிகர லாபத்தில் ஒதுக்கப்படும் சேம நிதி சட்டப்படி இருக்கிறது என்று ஆட்சேபிக்கலாம். லாபம் வந்தாலன்றோ அது வளரும்? மூட்டைக்கு வேண்டும், லாபத்துக்கன்று என்ற பழைய பாடம் இங்கே திரும்ப வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 150 தறிகள் ஓடுகின்றன, தறிக்கு மாதம் 8 சேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,200 சேலை. விற்பனையாகும் சேலை ஒன்றுக்கு 5 ரூபாய் பொது நிதிக்கு என்று சிட்டையிலேயே தனி வரியாக எழுதினால், மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000, பத்தாண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 7,20,000 ரூபாய். விற்பனைச் சங்கத்தில் 300 பேர் ஆளுக்கு 8 குவிண்டால் மிளகாய் கொண்டுவந்து, குவிண்டாலுக்கு 10 ரூபாய் செலுத்தினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். இது பெரிய பணமா என்று கேட்பீர்கள். ஜவுளி முதலாளி இரவோடிரவாகக் கொடுக்கும் முன்பணத்துக்கு இது போதும். அவர் கொடுப்பது கோடிகள் அல்ல, சில ஆயிரங்களே. நூல் விலை ஏறப்போகிறது என்று தெரிந்த மாதத்தில், மத்திய கூட்டுறவு வங்கியின் ரொக்கக் கடன் மஞ்சூராகும் வரை காத்திராமல் சில கட்டு நூல் வாங்கி வைக்கவும் இது போதும்.

சேலைக்கு 5 ரூபாயை யார் தலையில் கட்டுவது என்ற சண்டை வரும். நெசவாளர் கூலியில் கை வைக்கக் கூடாது. ஏற்கெனவே 8 காசு போகிறது. விற்பனை விலையில் சேர்ப்பதே முறை. வாங்குபவர் 5 ரூபாய்க்காகப் போட்டிக் கடைக்குப் போய்விடுவார் என்று அஞ்சுவோர், தள்ளுபடிக் காலத்தில் எத்தனை ரூபாய் குறைத்து விற்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பணத்தை யார் காப்பது என்ற அச்சம் இதைவிட நியாயமானது. சங்கப் பணம் காணாமற்போன கதைகளைக் கேட்டிராத ஊர் இல்லை. ஆகவே இந்நிதி நடைமுறைக் கணக்கில் கலக்காமல் மத்திய கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தலைவரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டாலன்றி எடுக்க இயலாதவாறு இருக்க வேண்டும். மாதந்தோறும் இருப்பு எவ்வளவு என்பதை, கூலிப் பட்டுவாடா நடக்கும் அறையின் சுவரில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டாத எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். முன்பணம் பெறுவோர் பட்டியலில் பஞ்சாயத்தாரின் உறவினர் பெயர் வந்தால், அந்தப் பஞ்சாயத்தார் அத்தீர்மானத்தில் ஓட்டளிக்கக் கூடாது.

பஞ்சாயத்தார் தாமாகவே இந்த வசூலைத் தொடங்கிவிடலாகாது. துணைவிதியில் இடமில்லாத எந்தப் பிடித்தமும் தணிக்கையில் ஆட்சேபணைக்கு உள்ளாகும். முதலில் பஞ்சாயத்தார் கூடி, நிதியின் பெயர், விகிதம், எதற்கெல்லாம் செலவிடலாம், ஒருவருக்கு மேல்வரம்பு எவ்வளவு, திருப்பிச் செலுத்தும் தவணை எத்தனை என்பவற்றைத் துணைவிதித் திருத்தமாக எழுத வேண்டும். பின்னர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் பொதுப்பேரவையைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, பதிவாளரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். திருத்தத்தின் வாசகத்தைச் சங்கத்தார் தம் மொழியிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். சட்டச் சொற்களைச் சரிசெய்வது ஆய்வாளர்களின் வேலை. தீபாவளி விற்பனைக்குச் சிட்டைப் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்குமுன் ஒப்புதல் கிடைத்துவிட்டால், புதிய வரியை அச்சிலேயே சேர்த்துவிடலாம். கையால் எழுதும் வரி, கூட்டம் மிகுந்த நாளில் எழுதப்படாமலே போய்விடும்.